முதல் வரியோடு மடித்து வைத்த கடிதங்கள்

அக்கா எந்தக் கடிதத்தையும் கிழித்துப் பிரிக்க மாட்டார். கம்பளி பின்னும் ஊசி ஒன்று அவருடைய மேசையில் எப்போதும் கிடக்கும், நுனியில் பச்சைப் பூச்சு உதிர்ந்த பழைய ஊசி. உறையை ஜன்னலுக்கு நேராகத் தூக்கிப் பிடித்து, உள்ளே காகிதம் எந்தப் பக்கம் ஒதுங்கியிருக்கிறது என்று பார்ப்பார். மேசை விளிம்பில் இரண்டு தட்டு தட்டுவார். காகிதம் கீழே இறங்கிவிடும். பிறகு மடிப்பின் மூலையில், பசை தடவுகிறவர்கள் வழக்கமாகத் தவறவிடும் கடுகளவு இடைவெளியில், ஊசியை நுழைத்து உருட்டுவார். உறை சத்தமில்லாமல் வாயைத் திறக்கும். அனுப்பியவரின் முகவரியைப் பதிவேட்டில் எழுதிய பிறகுதான் கடிதத்தை எடுப்பார். படித்து முடித்ததும் வலது மேல் மூலையில் சிவப்புப் பென்சிலால் ஓர் எழுத்து. பாட்டு கேட்டிருந்தால் ‘பா’. சந்தேகம் கேட்டிருந்தால் ‘கே’. வரலாற்று நிகழ்ச்சியைப் பற்றியதென்றால் ‘வ’.

செபம் கேட்டு ஒரு வரி வந்துவிட்டால் மட்டும் அந்த இடத்திலேயே கண்ணை எடுத்துவிடுவார். அதற்கு மேல் ஒரு சொல் படிக்க மாட்டார். வந்த மடிப்பிலேயே திரும்ப மடித்து, ‘செ’ என்று எழுதி, காலடியில் இருக்கும் பிரம்புக் கூடையில் போடுவார். போடுவார் என்பதுகூடத் தப்பு. கை கூடையின் அடிவரை போய் வைத்துவிட்டு வரும்.

இருபத்திரண்டு வருடம் இப்படி. அடுத்த அறையின் கண்ணாடி வழியாக நானும் ஐந்து வருடம் அதைப் பார்த்து ரசித்திருக்கிறேன். இப்போது நினைத்தால் அந்த ஊசியை இரண்டாக ஒடித்துப் போட வேண்டும் போலிருக்கிறது.

நாங்கள் வேலை பார்த்தது ஒரு கத்தோலிக்க வானொலி நிலையம். தினமும் மாலையில் இரண்டு மணி நேரம் சிற்றலையில் ஒலிபரப்பு. நகரத்தில் யாரும் எங்களைக் கேட்டதாகத் தெரியவில்லை. பஸ் போகாத மலை ஊர்களிலும், கோயில் கட்டிடமே இல்லாத இடங்களிலும், கூரையில் கம்பி இழுத்துக் கட்டிக் கேட்டார்கள். எனக்கு ஒலிப்பதிவு வேலை. அக்காவுக்குக் கடிதப் பிரிவு. பிரிவு என்றால் அக்காவும் ஒரு மேசையும் ஒரு கூடையும். நிலையத்தில் எல்லோரும் அவரைக் ‘கடுதாசி அக்கா’ என்றுதான் கூப்பிடுவார்கள்.

அவருக்கு இன்னொரு வேலையும் இருந்தது, சம்பளப் பட்டியலில் இல்லாத வேலை. வியாழக்கிழமை தோறும் கால் மணி நேரம் ‘திருச்சபை வந்த வழி’ என்று ஒரு நிகழ்ச்சி. எழுதித் தயாரிப்பது வரலாற்றுக் குழு என்று அறிவிப்போம். அந்தக் குழு அக்காதான்.

“குழுன்னா ஒருத்தராக்கா?” என்று வந்த புதிதில் கேட்டேன்.

“தலைவியும் நான்தான், காரியதரிசியும் நான்தான். தலைவி சொல்றத காரியதரிசி கேக்கறதில்ல, அது ஒண்ணுதான் குறை,” என்றார்.

எழுதுவது அக்கா, வாசிப்பது வெண்கலம். அந்த அறிவிப்பாளருக்கு அது நாங்கள் வைத்த பெயர். குரல் அப்படி. ‘கதவைச் சாத்து’ என்று அவர் சொன்னாலே யாரோ மரித்துவிட்டார் என்று தோன்றும். அக்காவின் எழுத்தோ அதற்கு நேர் எதிர். ஆயர்கள் கூடிய பெரிய சங்கங்களை எல்லாம், சொத்துப் பிரிக்க உட்கார்ந்த பங்காளிகள் மாதிரி எழுதுவார். ‘முந்நூறு பேர் கழுதை மேலேயும் கப்பல் மேலேயும் வந்து சேர்ந்தார்கள். வந்தவர்களில் பாதிப் பேருக்கு மீதிப் பேரின் முகத்தைப் பார்க்கப் பிடிக்கவில்லை.’ இதை வெண்கலம் தன் குரலில் படிக்கும்போது ஒரு விசித்திரமான அழகு வரும். தண்டவாளத்தில் தும்பி உட்கார்ந்தது போல.

அப்போஸ்தலர்கள் காலத்திலிருந்து வரிசையாக வரவேண்டும் என்று ஆரம்பத்தில் உத்தரவு. அக்கா ஒரு நூற்றாண்டையும் தாண்டிக் குதிக்கவில்லை. ஒன்பது வருடம் நடந்து, கடைசியில் எங்கள் பக்கத்து மலைகளுக்கு வந்து சேர்ந்திருந்தார். அடுத்து உபதேசியார்கள். குருக்கள் வருடத்துக்கு ஒருமுறை தலைகாட்டிய ஊர்களில், ஊர் ஊராக நடந்து செப மந்திரம் சொல்லிக்கொடுத்து, சாகக் கிடந்தவர்களுக்கு ஞானஸ்நானம் கொடுத்து, செத்தவர்களைப் புதைத்த குடும்பஸ்தர்கள். பதின்மூன்று பேர், பதின்மூன்று வாரம் என்று திட்டம். அதில் ஒருவர் அக்காவின் அப்பா.

அவருடைய நோட்டுப் புத்தகங்களை ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்காவின் வீட்டில் பார்த்தேன். ரேடியோவைப் பழுது பார்க்கப் போயிருந்தேன். பிஸ்கட் தகர டப்பாவில் பதினெட்டு நோட்டு. எந்தத் தேதியில் எந்த ஊர், யாருக்கு ஞானஸ்நானம், யாருக்குக் காய்ச்சல், எந்த ஓடையில் பாலம் போய்விட்டது, எல்லாம் இருந்தது. அக்கா அலமாரியிலிருந்து இன்னொரு புத்தகத்தை எடுத்து என் மடியில் போட்டார். மறைமாவட்டத்தின் அதிகாரபூர்வ வரலாறு. நானூற்றுப் பன்னிரண்டு பக்கம், வழவழப்பான தாள், பக்கத்துக்குப் பக்கம் வெள்ளைக்காரக் குருக்களின் தாடி.

“எண்பத்தேழாம் பக்கம். படி.”

படித்தேன். ‘இம்மலைப் பகுதியில் நற்செய்தியானது, உள்ளூர் ஆட்கள் சிலரின் உதவியுடன், துரிதமாகப் பரவியது.’

“அவ்வளவுதான். முப்பத்தெட்டு வருஷம் எங்கப்பா நடந்தாரு. ‘சிலரின் உதவியுடன்’. மூட்டை தூக்கினவங்களையும் அப்படித்தான் எழுதுவாங்க. ‘துரிதமாக’வாம். எங்கப்பா காலைப் பாத்திருந்தா அந்த வார்த்தையை எழுதியிருக்க மாட்டான்.”

ஓய்வுபெற்ற பஸ் டிரைவரான அவருடைய கணவர் செய்தித்தாளை இறக்காமலே சொன்னார்: “தம்பி, எண்பத்தேழாம் பக்கத்தை இவ காமிக்காத ஆளு இந்தத் தெருவுல பாக்கி இல்ல. தண்ணி மீட்டர் பாக்க வந்தவனும் படிச்சிட்டுத்தான் போனான்.”

“அவனாவது ‘அநியாயம்’னு ஒரு வார்த்தை சொன்னான்.”

“சொல்லலைன்னா நீ மீட்டரைக் காமிச்சிருக்க மாட்டியே.”

அக்கா சிரிக்கவில்லை. புத்தகத்தை வாங்கி அலமாரியில் தலைகீழாகச் செருகினார். அது அப்படித்தான் எப்போதும் இருக்கும் போல.

அடுத்த நாள் திங்கட்கிழமைக் கூட்டம். இயக்குநர் நாற்பது வயதுக் குரு. சுத்தமான சட்டை, சுத்தமான மேசை, யாரிடமும் குரல் உயர்த்தாத மனிதர். அவர் மேல் கோபப்பட ஒரு மூலைகூடக் கிடைக்காது. சுவரில் ஒரு வரைபடத்தை மாட்டினார். அலைவரிசை நேரத்தைக் குறைத்துவிட்டார்கள், அடுத்த மாதத்திலிருந்து ஏதாவது ஒரு நிகழ்ச்சி போயாக வேண்டும், எது என்று நான் சொல்லப்போவதில்லை, கடிதங்களே சொல்லட்டும் என்றார். பாட்டுக்கு உயரமான ஒரு கட்டம். கேள்வி பதிலுக்கு அதில் பாதி. வரலாற்றுக்கு, கோடு போட்டதில் பென்சில் வழுக்கிவிட்டதோ என்று தோன்றும் ஒரு கீற்று.

“வருஷம் முழுக்கப் பதினொரு கடிதம்,” என்றார். “எண்ணிக்கை நம்ம கடிதப் பிரிவு கொடுத்ததுதான்.”

கடிதப் பிரிவு என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது.

“ஃபாதர், இப்பத்தான் நம்ம மலைக்கே வந்திருக்கோம். இன்னும் பதிமூணே வாரம். பதிமூணு ஆளு.”

“உங்க உழைப்பை யாரும் மறுக்கலம்மா. ஆனா கேக்க ஆள் வேணுமே.”

“போன வியாழக்கிழமைதான் ‘வரும் வாரங்களில் உபதேசியார்கள்’னு அறிவிச்சோம்.”

“அறிவிச்சு, எத்தனை பேர் ‘ஆவலா இருக்கோம்’னு எழுதினாங்க?”

எண்ணியவர் அக்காவேதான். கூட்டம் முடிந்து வெளியே வந்ததும் வெண்கலம் ஆறுதல் என்று நினைத்து, “விடுக்கா, ஒன்பது வருஷம் சுவத்துக்கிட்டப் பேசியிருக்கோம். சுவரும் ஆமோதிச்சுது,” என்றார். அக்கா திரும்பிப் பார்த்த பார்வையில் அந்தக் குரல் அன்று முழுக்க வெளியே வரவில்லை.

புதன்கிழமை காலை பத்து மணிக்கு ஒருவர் வந்தார். ஐம்பது வயது இருக்கும். கழுத்தில் அளவு நாடா தொங்கியது. கழற்ற மறந்து இரண்டு நாள் பயணம் செய்திருக்கிறார். தையல்காரர். மேல் மலையில் ஓர் ஊர். வரலாற்றுக் குழுவைப் பார்க்க வேண்டும் என்றார். அக்காவிடம் கூட்டிப்போனேன்.

“குழு வெளிய போயிருக்காங்களா?” என்று அக்காவைக் கேட்டார்.

“உக்காருங்க. நான்தான்.”

அவர் உட்காரவில்லை. கையில் இருந்த துணிப்பையை மார்போடு பிடித்துக்கொண்டு, மனப்பாடம் செய்து வந்ததைச் சொல்வது போலச் சொன்னார். “அடுத்து உபதேசியார்கள்னு ரேடியோவுல சொன்னீங்க. எங்க உபதேசியாரை விட்டுறாதீங்கம்மா. அவரைப் பத்தி யாரும் எழுதல. பொம்பளைங்க சொன்னது, கிழவங்க சொன்னது எல்லாம் நான் எழுதிக் கொண்டாந்திருக்கேன். கடுதாசியிலயும் எழுதினேன். பதிலுக்குக் கார்டுதான் வந்துச்சு.”

“எப்ப எழுதினீங்க?”

“எப்பன்னா? நிகழ்ச்சி ஆரம்பிச்ச வருஷத்துலேர்ந்து. மாசம் ஒண்ணுன்னு வச்சாலும் நூறுக்குக் கிட்ட இருக்கும்.”

அக்கா பதிவேட்டைப் புரட்டினார். வரலாற்றுப் பக்கத்தில் அவர் ஊரே இல்லை. “மன்னிச்சுக்குங்க. உங்ககிட்டருந்து இந்த நிகழ்ச்சிக்கு ஒரு கடுதாசிகூட வரல.”

தையல்காரர் பையைத் திறந்தார். கட்டுக் கட்டாக அச்சடித்த அட்டைகள், தையல் நூலால் கட்டியவை. ‘உங்கள் விண்ணப்பம் பீடத்தில் வைக்கப்பட்டது’ என்று ஒரே வாசகம். எல்லாவற்றிலும் முகவரி அக்காவின் கையெழுத்து.

“இது செபம் கேட்டவங்களுக்குப் போற கார்டு,” என்றார் அக்கா.

“ஆமா. செபம் கேக்காம எப்படிக் கடுதாசி எழுதறது?” தையல்காரருக்கு அந்தக் கேள்வியே புரியவில்லை. “முதல் வரி அதுதானே. ‘எங்க ஊருக்காகச் செபிங்க’. அப்புறம்தானே நம்ம விஷயம். எங்க உபதேசியார் அப்படித்தான் எழுதப் பழக்கினாரு. கேக்கறதுக்கு முந்தி செபத்தைக் கேளு, இல்லைன்னா அது கடுதாசி இல்ல, கட்டளைன்னுவாரு. எங்க மலையில எல்லாரும் அப்படித்தாம்மா எழுதுவோம்.”

அக்கா கையில் ஊசி இருந்தது. அதை மேசையில் வைக்கப் பார்த்தார். அது உருண்டு கீழே விழுந்தது. யாரும் எடுக்கவில்லை.

“எங்கப்பாவும்,” என்றார் அக்கா. “எங்கப்பாவும் அப்படித்தான் சொல்லிக்குடுத்தாரு. எனக்கு.”

நகரத்திலிருந்து பாட்டு கேட்டு எழுதுகிறவர்கள் யாரிடமும் செபம் கேட்பதில்லை. ‘இந்தப் பாட்டைப் போடவும்’, அவ்வளவுதான். அவர்கள் கடிதம் கடைசி எழுத்துவரை படிக்கப்பட்டது, எண்ணப்பட்டது, கட்டமாக உயர்ந்தது. உபதேசியார்கள் நடந்த மலைகளிலிருந்து வந்த ஒவ்வொரு கடிதமும் மரியாதையோடு தொடங்கியது. அந்த மரியாதையைக் கண்ட இடத்திலேயே அக்கா மரியாதையோடு மடித்து வைத்தார். கூடை நிறைந்ததும் கோயில்பிள்ளை, அதாவது எங்கள் சிற்றாலயத்தைக் கூட்டித் துடைத்து மணியடிப்பவர், வந்து எடுத்துப்போய்ப் பீடத்தின் கீழே வைப்பார். மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை பூசை முடிந்ததும் பின்கட்டில் வைத்து எரித்துவிடுவார். அக்காவின் மேசைக்கு மேலே சுவரில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. முதல் இயக்குநர் சொல்ல, அக்கா தன் குண்டு குண்டு எழுத்தில் எழுதியது: ‘செபம் கேட்கும் கடிதங்களைச் செப வரிக்கு மேல் படிக்கலாகாது. எண்ணலாகாது. அது எழுதியவருக்கும் கடவுளுக்கும் இடையில் உள்ளது.’

நல்ல விதி. எவ்வளவு நல்ல விதி என்று நினைத்தால்தான் எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. ஒன்பது வருடம். மாதத்துக்கு ஒரு தீ.

அக்கா எழுந்தார். சிற்றாலயத்துக்குப் போனார். கோயில்பிள்ளை, “என்னம்மா, இன்னும் வெள்ளிக்கிழமை வரலியே,” என்று கேட்டுக்கொண்டே பின்னால் வர, கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு திரும்பி வந்தார். என் ஒலிப்பதிவு அறையின் பெரிய மேசையில் கவிழ்த்தார்.

“படிங்க. கடைசி வரைக்கும் படிங்க. நீயும்தான்.” கடைசிச் சொல் வெண்கலத்துக்கு.

நாலு பேரும் உட்கார்ந்து படித்தோம். நான், வெண்கலம், அக்கா, தன் மூக்குக் கண்ணாடியை நூலால் காதில் கட்டிக்கொண்ட தையல்காரர். நூற்று முப்பத்தெட்டுக் கடிதம். தொண்ணூற்றேழு கடிதத்தில் இரண்டாவது வரி எங்கள் வியாழக்கிழமை நிகழ்ச்சியைப் பற்றியது. ஒருவர், கழுதை மேல் வந்த ஆயர் திரும்பிப் போகும்போது கழுதை இருந்ததா என்று கேட்டிருந்தார். ஒரு பெண், கணவன் காது கேளாதவன் என்பதால் ஒவ்வொரு வாரமும் தான் கேட்டு அவனுக்குக் கைஜாடையில் சொல்வதாகவும், சங்கங்களில் ஆயர்கள் போடும் சண்டையைத்தான் அவன் மிகவும் ரசிப்பதாகவும் எழுதியிருந்தார். ஒரு பள்ளிக்கூடத்தில் வரலாற்றுப் பாடமாகவே வைத்திருந்தார்கள். வெண்கலத்தின் குரலைப் பற்றியும் நாலு பேர். அதில் ஒருவர், ‘வாசிப்பவருக்குச் சளி குணமாகச் செபிக்கிறோம்’ என்று எழுதியிருந்தார்.

“இது சளி இல்ல,” என்றார் வெண்கலம் மெல்ல.

“எங்க ஊர்லயும் அப்படித்தான் நெனச்சோம்,” என்றார் தையல்காரர்.

சிரிப்பு வந்தது. அக்காவுக்கு மட்டும் வரவில்லை. அவர் ஒவ்வொன்றையும் படித்துவிட்டு, ‘செ’வை அடித்து ‘வ’ போட்டுக்கொண்டிருந்தார். பென்சில் காகிதத்தைக் கிழித்தது.

இயக்குநர் வந்து வாசலில் நின்றார். கோயில்பிள்ளை சொல்லியிருக்க வேண்டும்.

“அம்மா, இது பீடத்துல வச்ச கடுதாசி.”

“அங்க அனுப்பி வச்சது நான்தான் ஃபாதர்.”

“படிக்கக் கூடாதுன்னு விதி இருக்கு.”

“எழுதி ஒட்டினதும் நான்தான். நூத்து முப்பத்தெட்டுல தொண்ணூத்தேழு. ஒரே மாசத்துல. உங்க பாட்டுக்கு எத்தனை?”

அவர் ஒரு கடிதத்தையும் கையில் எடுக்கவில்லை. “புரியுதும்மா. நியாயமான விஷயம். இனிமே செபக் கடிதங்களையும் முழுசாப் படிச்சு எண்ணலாம். நல்ல யோசனை. அடுத்த மாசத்துலேர்ந்து செய்வோம்.”

“அப்ப நிகழ்ச்சி?”

“அட்டவணை மேலிடத்துக்குப் போயிட்டுது. அச்சாகியும் வந்துட்டுது.”

“அச்சானதை மாத்த முடியாதா?”

“ஒரு விடைபெறும் நிகழ்ச்சி இருக்கு. அடுத்த வாரம் வியாழன். அந்த உரையை நானே எழுதிட்டேன். அதுல ஒரு பத்தி உபதேசியார்களைப் பத்தி எழுதிக் குடுங்க, சேத்துக்கறேன்.” பிறகு, அதே மெல்லிய குரலில், “பிறர் செபத்தை மேசைமேல கொட்டிப் படிச்சது தப்பும்மா. அதைப் பத்தி அப்புறம் பேசுவோம்,” என்றார்.

தையல்காரர் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் பார்த்துவிட்டு, கொண்டுவந்த தாள்களை அக்காவின் மேசையில் வைத்தார். கிளம்பும்போது, “வியாழக்கிழமை கேப்போம்மா,” என்று மட்டும் சொன்னார். அளவு நாடாவைக் கழற்றிச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டார். தன்னிடம் கேட்காமல் யாரோ அளந்துவிட்டார்கள் என்பது போல இருந்தது அவர் முகம்.

அக்கா பத்தியை எழுதினார். ஒரே பக்கம். பதின்மூன்று பெயர், தையல்காரரின் உபதேசியாரோடு பதினாலு. பெயர், ஊர், ஆளுக்கு ஒரு வரி. சனிக்கிழமை கொடுத்தார். செவ்வாய்க்கிழமை காலை, பதிவு நேரத்துக்கு அரை மணி முன்பு, தட்டச்சு செய்த உரை வந்தது. பக்கம் பக்கமாக, கப்பலில் வந்தவர்களுக்கும் கோபுரம் கட்டியவர்களுக்கும் நன்றி. அக்காவின் பத்தி இருக்க வேண்டிய இடத்தில் ஒரு வரி: ‘உள்ளூர் ஆட்கள் சிலரின் உதவியுடன்.’ நேரம் போதவில்லை, பெயர்களைச் சொன்னால் விடுபட்டவர்கள் வருத்தப்படுவார்கள் என்று ஓரத்தில் பென்சிலில் ஒரு குறிப்பு.

அவர் வேண்டுமென்று செய்யவில்லை. அதே புத்தகத்தைப் பார்த்துத்தான் அவரும் எழுதியிருப்பார். அந்த வரி அவருக்கு ஒரு குறையாகவே தெரிந்திருக்காது. என் கோபமெல்லாம் அதன் மேல்தான். கெட்டவராக இருந்திருந்தால்கூடச் சண்டை போட ஓர் ஆள் கிடைத்திருப்பார்.

அக்கா அந்த வரியை இரண்டு முறை படித்தார். எங்கள் ஒலிப்பதிவு அறைக்குள் போய், மைக்குக்கு எதிரே உட்கார்ந்திருந்த வெண்கலத்தின் முன்னால் நின்றார்.

“எந்திரி.”

வெண்கலம் நிமிர்ந்து பார்த்தார். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இருந்த என்னைப் பார்த்தார். பிறகு, கோயில் மணி போலத் தெளிந்த குரலில், “எனக்குத் தொண்டை கட்டியிருக்கு. இன்னைக்கு வாசிக்க முடியாது. ஊரே எழுதியிருக்கு, சளின்னு,” என்று சொல்லிவிட்டு எழுந்து, நாற்காலியைத் துடைத்துக் கொடுத்துவிட்டுப் போனார். அவர் மேல் எனக்கிருந்த கேலியெல்லாம் அன்றோடு தீர்ந்தது.

இருபத்திரண்டு வருடத்தில் அக்கா மைக் முன்னால் உட்கார்ந்ததில்லை. நாற்காலி உயரம் ஒத்துவரவில்லை. கால் தரையைத் தொடவில்லை. நாடா ஓடத் தொடங்கியதும் சிவப்பு விளக்கைப் பார்த்து ஒரு நொடி திகைத்தார். பிறகு ஆரம்பித்தார். நல்ல குரல் இல்லை. மெலிந்து, ஓரம் கூராக, சமையலறையிலிருந்து வாசலுக்குக் கூப்பிடுகிற குரல்.

“எங்களுக்காகச் செபிங்க. இது முதல் வரி. இனிமேதான் விஷயம்,” என்றார்.

பதினாலு பேரையும் சொன்னார். ஆற்றைக் கடக்கும்போது ஞானஸ்நானப் பதிவேட்டைத் தலையில் கட்டிக்கொண்டு போன ஒருவரைச் சொன்னார். தண்ணீர் இழுத்துப்போனபோது பதிவேட்டைக் கரைக்கு எறிந்துவிட்டுப் போனவர். ‘அந்தப் பதிவேடு இப்ப ஆயர் இல்லத்துல கண்ணாடிப் பெட்டிக்குள்ள இருக்கு. எறிஞ்சவர் பேரு பெட்டியில இல்ல.’ தன் கல்யாணப் பூசைக்கே மூன்று மணி நேரம் தாமதமாக வந்த இன்னொருவரைச் சொன்னார். வேறு ஊரில் சாகக் கிடந்த ஒருத்திக்கு ஞானஸ்நானத் தண்ணீர் ஊற்றிவிட்டு வந்தவர். ‘பொண்ணு அழுதுட்டு நின்னுச்சு. அது எங்கம்மா.’ தையல்காரரின் உபதேசியார் அம்மை கண்ட வீட்டுக்குள் யாரும் போகாதபோது போய், திரும்பி வராதவர். அவருக்கு அந்த ஊர்ப் பெண்கள் கொடுத்த பெயரையும் சேர்த்துச் சொன்னார். இரண்டு இடத்தில் தடுமாறினார், ஒரு பெயரைத் தப்பாகச் சொல்லித் திருத்தினார். வழக்கமாக அதையெல்லாம் நான் வெட்டி ஒட்டிவிடுவேன். வெட்டவில்லை. கடைசியில், ‘இவங்கதான் அந்த உள்ளூர் ஆட்கள் சிலர். பேரைக் குறிச்சு வச்சுக்குங்க’ என்று சொல்லித் தாளைக் கவிழ்த்தார். பதினாலு நிமிடம் இருபது விநாடி. அழவில்லை. காது மடல் மட்டும் சிவந்திருந்தது.

உரையைத் தானே எழுதிவிட்டதால் இயக்குநர் நாடாவைக் கேட்க மாட்டார். பெட்டியில் வழக்கம்போல நிகழ்ச்சியின் பெயரை எழுதி ஒலிபரப்புக் கோபுரத்துக்கு அனுப்பினேன். வியாழக்கிழமை மாலை அது போனது. என் வீட்டு ரேடியோவில் கேட்டேன். நடுவில் இரைச்சல் வந்தது, பிறகு விலகியது. பதினாலு பெயரும் போனது.

வெள்ளிக்கிழமை அக்காவை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். பீடத்தில் வைத்த கடிதங்களைப் படித்த குற்றம்தான் வேலைநீக்கக் கடிதத்தில் இருந்தது. வானொலியில் பேசியதைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. அவர் சாமான்களை எடுக்கக் கணவர் வந்தார். ஊசி, பென்சில், ஒரு குடை. “கூடை நிலையத்தோடதா, எங்களோடதா?” என்று கேட்டார். நிலையத்தோடது என்றேன். “அப்ப இருக்கட்டும்,” என்று போனார். எனக்கும் ஓர் எச்சரிக்கைக் கடிதம் வந்தது. அடுத்த கூட்டத்தில் இயக்குநர், செபக் கடிதங்களை இனி முழுதும் படித்து எண்ணப்போவதாக அறிவித்தார். சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறவர் என்று நினைத்துக்கொண்டேன்.

அக்கா இடத்துக்கு இளம் சிஸ்டர் ஒருவர் வந்தார். மடத்திலிருந்து நேராக. மிகவும் கவனமானவர். நாலைந்து வாரம் தினமும் அவரிடம் போய், “வரலாற்று நிகழ்ச்சியைப் பத்தி ஏதாவது வந்துச்சா சிஸ்டர்?” என்று கேட்டேன். பதிவேட்டைப் பார்த்து, “இல்லண்ணா,” என்பார். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் பிறகு அக்கா கோயில் வாசலில் நிற்பார். ஒரே கேள்விதான் கேட்பார்.

“ஏதாவது வந்துச்சா?”

“இல்லக்கா.”

“ஒண்ணுகூடவா?”

“ஒண்ணுகூட.”

மூன்றாவது ஞாயிறு, “அந்தத் தையல்காரருமா எழுதல?” என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அதன் பிறகு கேட்பதை நிறுத்திவிட்டார். எண்பத்தேழாம் பக்கத்தைக் காட்டுவதையும் நிறுத்திவிட்டார் என்று கணவர் சொன்னார். மலைக்காரர்களும் நன்றி கெட்டவர்கள்தான் என்று எனக்கும் கோபம் வந்தது. அதை நினைத்தால் இன்று என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளலாம்.

ஆறு மாதம் கழித்துச் சிற்றாலயத்தின் ஒலிபெருக்கியைச் சரிபார்க்கப் போயிருந்தேன். கோயில்பிள்ளை ஏணியைப் பிடித்துக்கொண்டு ஊர்க்கதை பேசிக்கொண்டிருந்தார். அக்கா போன பிறகு வந்த முதல் வெள்ளிக்கிழமையைப் பற்றிப் பேச்சு வந்தது. அந்த மாதம் கூடை பத்தவில்லை என்றார். எழுநூறு, எண்ணூறு கடிதம் இருக்கும், எல்லாம் மலையிலிருந்து, மூன்று சாக்கில் கட்டி எடுத்துப்போனேன், எரித்து முடிக்க இரண்டு மணி நேரம் ஆனது என்றார். ஏணியிலிருந்து இறங்கிச் சிஸ்டரிடம் போனேன். இயக்குநரின் புது உத்தரவைப் பற்றி அவரிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை. வேலையில் சேர்ந்த அன்று, எப்படிப் பிரிப்பது என்று கேட்க ஆள் இல்லாமல், மேசைக்கு மேலே சுவரில் அக்காவின் கையெழுத்தில் இருந்த தாளைப் படித்து, அதன்படியே ஒவ்வொரு கடிதத்தையும் முதல் வரியோடு மடித்து வைத்திருக்கிறார்.